வண்டிக்கும் ஒரு மூடி உண்டு!

குக்கர் மூடியைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். ரப்பர் வளையம் தளர்ந்தால் ஓரத்தில் ஆவி சீறும். வெயிட் போடும் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டால் ஆபத்து. இரண்டையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். ஆனால் வாசலில் நிற்கிற மொபெட்டின் பெட்ரோல் மூடியை மட்டும், "அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம்" என்று விட்டுவிடுகிறோம். நியாயமா, சொல்லுங்கள்?

எங்கள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் பால் ஊற்ற, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, வெங்காயக் காட்டுக்குப் போக என்று பெண்களே வண்டி எடுக்கிறோம். ராத்திரியானால் திருட்டுப் பயத்தில் வண்டியை வீட்டு நடைக்குள்ளேயே ஏற்றி நிறுத்துகிறோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது. தரையோடு தவழ்ந்து போகும். விறகடுப்போ, தரையில் வைத்த ஸ்டவ்வோ, குத்துவிளக்கோ எதிர்ப்பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். பக்கத்தில் பாயில் குழந்தை படுத்திருக்கும்.

வண்டி மூடிக்கும் குக்கர் மூடி போல இரண்டு வேலை. உள்ளே உள்ள ரப்பர் வாஷர் ஆவியையும் பெட்ரோலையும் வெளியே விடாமல், மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் காக்கும். பழைய மாடல் மொபெட்டுகளில் மூடியிலேயே ஒரு சின்னக் காற்றுத் துளையும் உண்டு. பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டுமே! அந்த வழி அடைத்தால் பெட்ரோல் இறங்காது.

என் ஓரகத்திக்கு இதுதான் நடந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் வண்டி நின்று நின்று கிளம்பியது. பிளக்கை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் தம்பி மூடியைத் திறந்தான். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. "வண்டி நல்லாத்தான் இருக்குக்கா. மூடிதான் மூச்சு விடல," என்றான். துளையை ஊதிச் சுத்தம் செய்ததும் வண்டி ஓட ஆரம்பித்தது.

அடைத்தது எது? புழுதிதான். ஆதியில் கடலாக இருந்த பூமி இது. அதனால்தான் சுண்ணாம்புக்கல்லும், சிமெண்ட் ஆலைகளும், நாள் முழுக்கக் கல் லாரிகளும். மாவு மாதிரி அந்தத் தூசி மூடி விளிம்பிலும் சாவித் துளையிலும் படிந்துவிடுகிறது.

ஆகவே பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வெட்டவெளியில், என்ஜினை அணைத்து, சூடு ஆறியபின் பாருங்கள். முதலில் உலர்ந்த துணியால் மூடியைச் சுற்றித் துடையுங்கள். துடைக்காமல் திறந்தால் புழுதி அத்தனையும் டாங்குக்குள்தான் விழும். வாஷரை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தால் நல்லது. வெடித்தோ, விறைத்தோ, தட்டையாகியோ இருந்தால் மாற்ற வேண்டும். பூட்டு இறுகினால் பென்சில் கரித்தூளைக் கொஞ்சம் சாவியில் தடவித் திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்து ஒட்டவைக்கும். இருட்டாக இருந்தால் டார்ச் மட்டுமே. தீக்குச்சியை நினைக்கவும் கூடாது.

ஒரு எச்சரிக்கை: 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கக் கரி நிரப்பிய ஒரு டப்பா இருக்கிறது. அந்த வண்டிகளின் மூடியில் ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மூடி தொலைந்தால் சிலர் கந்தல் துணியைத் திணிக்கிறார்கள். அது விளக்குத் திரி மாதிரி பெட்ரோலை உறிஞ்சி மேலே கொண்டுவரும். பாலிதீன் கவரைக் கட்டினால் காற்றும் போகாது, மழையும் நிற்காது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-ல் அது 20 சதவீதத்தை எட்டிவிட்டது. தண்ணீர் கூடுதலாகச் சேர்ந்தால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். வண்டி கிளம்பாது.

புது மூடி வாங்கப் போகும்போது பழைய மூடியையும், வண்டியின் மாடல், வருஷ விவரத்தையும் எடுத்துப் போங்கள். வாஷர் மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள், செலவு மிச்சம். மாட்டியபின் வண்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். கசிவோ வாடையோ இருந்தால் அந்த மூடி பொருந்தவில்லை என்று அர்த்தம். பெட்ரோலையும் கழுத்து வரை நிரப்பாதீர்கள்; சித்திரை வெயிலில் அது விரியும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மொபெட்டில் குழந்தையை முன்னால் நிறுத்துகிறோம். மூடி அதன் மூக்குக்கு நேரே இருக்கிறது. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. "லேசா வாடைதானே" என்று விடாதீர்கள். பூட்டு இல்லாத மூடியைப் பிள்ளைகள் விளையாட்டாகத் திறந்துவிடும். தப்பித்தவறிப் பெட்ரோலைக் குடித்துவிட்டால் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது மூடிமேல் அப்பாதீர்கள், துளை அடைத்துக்கொள்ளும். பொட்டை ஹெட்லைட்டுக்கு வைக்கலாம். கற்பூரத்தை மட்டும் நாலடி தள்ளி, தெருவில் ஏற்றுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது!