கம்ப்யூட்டர் தானாகச் சாட்சி சொல்லாது!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரைகள் சில உண்டு. ஆன்ட்டி வைரஸ் போடுங்கள், பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் மேசை மேல் இருக்கும் அந்தப் பெட்டி ஒரு நாள் கோர்ட்டுக்குப் போக நேரலாம். அங்கே அது தானாகப் பேசாது. அதில் உள்ளதை எடுத்துச் சொல்ல ஒரு நிபுணர் கூண்டில் ஏற வேண்டும். அவர் சொல்வதற்கு ஏதாவது மிச்சம் இருக்குமா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

நிபுணர் சாட்சி என்றால் யார், அவர் என்ன செய்கிறார் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் பி. சந்திரசேகரனைப் பார்த்தால் போதும்.

மண்டை ஓடும் போட்டோவும்

நீங்கள் போட்டோஷாப்பில் ஒரு லேயரின் மேல் இன்னொரு லேயரை வைத்துப் பார்த்திருப்பீர்கள். கிடைத்த மண்டை ஓட்டின் படத்தையும், காணாமல் போனவரின் போட்டோவையும் இதே போல ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கண், மூக்கு, தாடை பொருந்துகின்றனவா என்று பார்ப்பது தடய அறிவியலில் பழைய முறை. மண்டை ஓட்டை எந்தக் கோணத்தில், எந்த அளவில் வைப்பது என்பதுதான் இதில் சிக்கல். கொஞ்சம் சாய்ந்தாலும் முடிவு தவறிவிடும். அந்த முறையைத் திருத்தி அவர் எழுதிய கட்டுரை 1971லேயே அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, குண்டு எங்கே இருந்தது என்பதே முதல் கேள்வி. மேடையிலா, பூக்கூடையிலா, தரைக்கு அடியிலா என்று ஆளுக்கு ஒன்றாகப் பேசினார்கள். சிதறிக் கிடந்த துணித் துண்டுகள், ஒயர்கள், சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள், உடல்களில் இருந்த காயங்கள் எல்லாவற்றையும் ஆராய்ந்து, ஒரு பெண் தன் இடுப்பில் கட்டி வந்த பெல்ட் குண்டுதான் வெடித்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்தப் பெண்ணின் தலையும் கை கால்களும் கிடைத்தன, நடு உடல் சிதறிப் போயிருந்தது என்பது முக்கியமான தடயம். அங்கே கிடந்த ஒரு கேமராவில் இருந்த பிலிம் சுருள், அந்தப் பெண் மாலையோடு நிற்பதைக் காட்டியது. அந்தக் கேமராவை யாராவது எடுத்துத் திறந்து பார்த்திருந்தால் பிலிமில் வெளிச்சம் பட்டு எல்லாம் போயிருக்கும். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கும் இதேதான்.

மெஷினை நம்பாத விஞ்ஞானி

2000ம் ஆண்டு பத்மபூஷண் பெற்ற அவரிடம் எனக்குப் பிடித்தது வேறொன்று. குற்றவாளிக்கு மருந்து ஊசி போட்டு உண்மையை வரவழைக்கும் நார்கோ அனாலிசிஸ், டிவிக்களில் பெரிய அதிசயமாகக் காட்டப்பட்ட நாட்களில், அது அறிவியலே அல்ல என்று வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். கடைசியில் 2010 மே 5 அன்று, செல்வி வழக்கில், ஒருவருடைய சம்மதமின்றி அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. புதிய கருவி வந்துவிட்டது என்பதற்காக நல்ல நிபுணர் தலையாட்டுவதில்லை. இது எவ்வளவு தூரம் சொல்லும், எந்த இடத்தோடு நின்றுவிடும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் குடைந்து கேட்கும்போது காப்பாற்றுவதும் அந்த நேர்மைதான்.

கம்ப்யூட்டர் வழக்குகளில் இது இன்னும் முக்கியம். இந்த பைல் இந்த டிஸ்க்கில் இந்த நேரத்தில் பதிவானது என்று நிபுணர் சொல்லலாம். கீ போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று டிஸ்க் மட்டும் சொல்லாது.

2004ல் சென்னையில் நடந்த வழக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணைப் பற்றி யாகூ குழுவில் ஆபாசமாக எழுதிப் போட்டுவிட்டான் ஒருவன். யாகூ குழுக்கள் 2020ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அந்த வழக்கு இன்றும் பேசப்படுகிறது. நாவி என்று அறியப்படும் சைபர் சட்ட வல்லுநர் விஜயசங்கர், அந்தப் பக்கங்களைச் சான்றிதழோடு பிரிண்ட் எடுத்துத் தந்து சாட்சி சொன்னார். வேறு யாரோ போட்டிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நிபுணர் சாட்சியத்தோடு இன்டர்நெட் மையம் நடத்தியவர்களின் சாட்சியமும் சேர்ந்ததால் அந்த வாதம் எடுபடவில்லை. பிப்ரவரியில் புகார், நவம்பர் 5ல் தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67வது பிரிவில் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று இதைச் சொல்வார்கள்.

எங்கள் பக்கத்தில் நடந்தது

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. எங்கள் நெல்லித்தோப்பில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கல்லூரியில் படிக்கும் மகளின் போட்டோவை ஒட்டு வேலை செய்து, மிரட்டல் மெயில் அனுப்பினான் எவனோ. பதறிப் போன அப்பா முதலில் மெயில்களை எல்லாம் டெலிட் செய்தார், குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். வைரஸாக இருக்கும் என்று சர்வீஸ் செய்ய வந்த பையன், நல்ல எண்ணத்தில்தான், ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். பிறகு புகார் தரப் போனபோது அவர்கள் கையில் இருந்தது மங்கலான ஒரு பிரிண்ட் மட்டும். அனுப்பிய மெயிலின் ஹெடர் வேண்டும் என்றார்கள். எங்கே போவது? அந்தப் பெண் இன்றும் மெயில் திறக்கப் பயப்படுகிறாள். செய்தவன் எங்கோ நிம்மதியாக இருக்கிறான்.

டெலிட் செய்த பைல் உடனே அழிந்து விடாது, நிபுணர் மீட்டுவிடுவார் என்று சிலர் தைரியம் சொல்வார்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில், மேலே வேறு எதுவும் எழுதப்படாதவரை அது ஓரளவு உண்மை. இப்போது பெரும்பாலும் வரும் எஸ்.எஸ்.டி.யில், அழித்த இடத்தை டிரைவே சீக்கிரம் துடைத்துவிடும். மீட்பது கஷ்டம்.

இன்னொரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63வது பிரிவு, டிஜிட்டல் சாட்சியத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஒரு பகுதியில் கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவரும், மற்றொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பைலின் ஹாஷ் எண்ணும் குறிக்கப்பட வேண்டும். ஹாஷ் என்பது பைலின் கைரேகை மாதிரி. பைலுக்குள் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். ஆக, வீட்டுக் கம்ப்யூட்டரின் சொந்தக்காரராகிய நீங்களும் சாட்சியத்தில் ஒரு பங்காளி.

என்ன செய்யலாம்?

1. மிரட்டலோ மோசடியோ வந்தால் எதையும் டெலிட் செய்யாதீர்கள், பார்மட் செய்ய விடாதீர்கள். மெயில் அதே மெயில் பாக்ஸிலேயே இருக்கட்டும்.

2. ஸ்கிரீன் ஷாட் எடுங்கள். ஆனால் அது அசலுக்குப் பதிலாகாது.

3. எப்போது பார்த்தீர்கள், அதன் பிறகு கம்ப்யூட்டரை யார் யார் தொட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

4. டாஸ்க்பாரில் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். சீமாஸ் பேட்டரி தீர்ந்து பழைய தேதியைக் காட்டினால் உடனே மாற்றுங்கள். தவறான கடிகாரம் எதிர்த்தரப்புக்கு நல்ல ஆயுதம்.

5. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாஸ்வேர்டை வேறு கம்ப்யூட்டரில் இருந்து மாற்றுங்கள்.

சென்னையில் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் தொடங்கியது 1849ல். அன்று முதல் எத்தனையோ கருவிகள் வந்து போய்விட்டன. ஒரு விதி மட்டும் மாறவில்லை. தடயத்தை முதலில் தொடுபவர்தான் அதைக் காப்பாற்றுகிறார் அல்லது கெடுக்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த முதல் ஆள் நிபுணர் அல்ல, நீங்கள்தான். பதற்றத்தில் மவுஸ் டெலிட் பக்கம் போகும்போது கொஞ்சம் கையை நிறுத்துங்கள்.