கணுவும் பிணைப்பும்

உலகியலிற் காணும் பொருள்கள் பல ஒன்றன்கீழ் ஒன்றாய் அடங்கி நிற்கும் இயல்பின. ஜில்லாவின் கீழ்த் தாலூகாவும், தாலூகாவின் கீழ்ப் பிர்க்காவும், பிர்க்காவின் கீழ்க் கிராமமும், கிராமத்தின் கீழ்ப் புலமும், புலத்தின் கீழ் உட்பிரிவும் என இவ்வாறு விரிந்து செல்லும் முறையை மரவமைப்பு என்பர். வேர் மேலும் இலை கீழுமாக நிற்பதொன்றே இதற்கும் இயற்கை மரத்துக்கும் உள்ள வேற்றுமை. இக்காலத்தில் அரசாங்கக் காரியாலயம் முதல் ஏலக்காய் மண்டி வரையில் கணக்குகள் யாவும் கணினியின் தரவுத்தளத்தில் ஏறிவருகின்றன. ஆதலின், மரவமைப்பை அங்கே பதிவது எங்ஙனம் என்னும் வினா, நிரல் எழுதக் கற்கும் நம் மாணவர் ஒவ்வொருவர்க்கும் ஒருநாள் எதிர்ப்படுவதேயாம். இதற்கு நூல்கள் கூறும் விடைகள் பல. அவற்றுள் எது தக்கது என்பது பற்றி எனக்குத் தோன்றுவதை, போடிநாயக்கனூரையும் அதன் மேற்கிலுள்ள ஏலமலைச் சரிவையும் சான்றாக வைத்து இங்கே கூறுவேன்.

போடிநாயக்கனூரைச் சான்றாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. அவ்வூர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. ஆயின் அஃது அடங்கி நிற்கும் கிளையோ பலமுறை மாறிவிட்டது. முற்காலத்தில் ஜமீன் ஊராகிய அது மதுரை ஜில்லாவின் பெரியகுளம் தாலூகாவிற் சேர்ந்திருந்தது. 1996ஆம் ஆண்டின் அரசாணையால் மதுரை ஜில்லாவினின்றும் தேனி ஜில்லா பிரிக்கப்பட்டது. இன்று போடிநாயக்கனூர் அந்த ஜில்லாவில் தானே ஒரு தாலூகாவின் தலைநகர். போடிமெட்டு ஏறி அப்பாற் சென்றால் உடும்பன்சோலைத் தாலூகா. அது திருவிதாங்கூரிலும், 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956இல் கேரளத்திலும் அடங்கியது. கோட்டயம் ஜில்லாவில் இருந்து, 1972இல் புதிதாய்த் தோன்றிய இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்தது. மலை அசையவில்லை, அதன் மேல் விழுந்த கோடுகளே அசைந்தன.

இவ்விரு தாலூகாக்களையும் ஒரே கணக்கில் எழுத வேண்டிய தேவை கற்பனையன்று. போடியில் வீடும் மலைமேல் ஏலத்தோட்டமும் உடையோர் பலர். காலையில் ஜீப்புகளில் மேலேறும் கூலியாட்கள் மாலையில் தமிழ்நாட்டுக்குத் திரும்புகின்றனர். ஆளின் ஊர் ஒரு மரத்தில்; அவர் தோட்டம் வேறொரு மரத்தில்.

இனி, நிரல் எழுதப் புகும் மாணவர் முதலிற் செய்வது யாது? ஜில்லாவுக்கு ஓர் இனக்குழு, தாலூகாவுக்கு ஓர் இனக்குழு, பிர்க்காவுக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று எனப் படிக்கொரு 'கிளாஸ்' அமைப்பர். அவற்றுக்கு நேராகத் தரவுத்தளத்திலும் படிக்கோர் அட்டவணை வகுப்பர். பார்ப்பதற்கு இது தெளிவாகவே தோன்றும். ஆனால் மெட்டைக் கடந்தவுடன் இத்தெளிவு குலைகின்றது. கேரளத்தில் தாலூகாவுக்கும் கிராமத்துக்கும் இடையே பிர்க்கா என்னும் படி இல்லை. அப்போது இல்லாத பிர்க்காவைப் பொய்யாகப் படைத்து அட்டவணையை நிரப்புதல் வேண்டும். அன்றேல் நிரலெங்கும் விதிவிலக்குகளை எழுதுதல் வேண்டும். நாளை அரசாங்கம் ஒரு புதுப் படியை இடையிற் செருகினால் நிரல் முழுவதையும் மாற்றி எழுத நேரும். படியின் பெயர் கணுவின் ஒரு பண்பேயன்றி அதன் பிறவியன்று. ஆதலின் 'கணு' என்னும் ஓர் இனக்குழுவே போதும். ஜில்லா, தாலூகா என்பன அதன் வகைக்குறிப்பாக ஒரு நிரலில் எழுதப்பட வேண்டியன என்பது என் முதற் கருத்து.

இரண்டாவதாக, ஒரு கணு எதன் கீழுள்ளது என்பதை எழுதி வைக்கும் முறைகளைப் பார்ப்போம். அவை பெரும்பான்மையும் நான்காகும்.

முதலாவது, ஒவ்வொரு கணுவும் தன் மேற்கணுவின் எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது. தேனி ஜில்லா பிரிந்த பொழுது இம்முறையில் நிகழ்வது இவ்வளவே: தேனிக்கு ஒரு புது வரி; அதன்கீழ் வந்த தாலூகாக்களின் வரிகளில் மேற்கணு எண்ணை மாற்றுதல். கிராமங்களையும் புலங்களையும் தொடவேண்டுவதில்லை.

இரண்டாவது, வேரிலிருந்து வரும் வழி முழுவதையும் கணுவில் எழுதுவது. இது நம் நாட்டில் கணினிக்கு முன்னரே வழக்கிலுள்ள முறையாம். சர்வே எண் 125 என்னும் புலம் பிரிந்தால் 125/1, 125/2 ஆகும். 125/2 மீண்டும் பிரிந்தால் 125/2ஏ, 125/2பி ஆகும். எண்ணைக் கண்ட அளவிலேயே அதன் முன்னோரை அறியலாம். ஒரு புலம் உடைவதன்றி வேறு புலத்தின் கீழ்ப் போய்ச் சேர்வது அரிதாகையால், நிலத்துக்கு இம்முறை நன்கு பொருந்துகின்றது. ஜில்லாவுக்கோ பொருந்தாது, மேலே ஒரு பெயர் மாறினால் கீழுள்ள கிராமம் ஒவ்வொன்றின் வழியையும் திருத்தி எழுத வேண்டும்.

மூன்றாவது, ஜோ செல்கோ என்னும் அறிஞர் பரப்பிய இட எண், வல எண் முறை. மரத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு கணுவிலும் நுழையும்போது ஓர் எண்ணும் வெளிவரும்போது ஓர் எண்ணும் இடுவர். வல எண்ணிலிருந்து இட எண்ணையும் ஒன்றையும் கழித்துப் பாதியாக்கினால் அக்கணுவின் கீழுள்ளவை எத்தனை என்பது உடனே கிடைக்கும். படிப்பதற்கு இதனினும் விரைவானது அரிது. ஆனால் இடையில் ஒரு கிராமத்தைச் சேர்த்தாலும், அதற்கு அப்பாலுள்ள எண்களையெல்லாம் இரண்டிரண்டாகக் கூட்ட வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு கணுவுக்கும் அதன் முன்னோர் அனைவரையும் தனி அட்டவணையில் எழுதி வைப்பது. கேள்விக்கு விடை எளிது, இடமாற்றம் கடிது. நூறு கணுக்கள் உள்ள ஒரு கிளை, மூன்று முன்னோர்களின் கீழிருந்து வேறு மூவரின் கீழ்ச் சென்றால், முந்நூறு வரிகள் அழிந்து முந்நூறு வரிகள் புதிதாய்த் தோன்றும்.

இந்நான்கில் எது சிறந்தது என்று வாதிடுவோர் பலர். அவ்வாதத்தில் முதன்மையானதொரு கேள்வி கேட்கப்படாமலே போகின்றது என்பது என் எண்ணம். நான்கு முறைகளும் 'இன்று இது எதன் கீழ் உள்ளது?' என்பதற்கே விடை கூறுகின்றன. 'அன்று எதன் கீழ் இருந்தது?' என்பதற்கு ஒன்றும் விடை கூறுவதில்லை.

இக்கேள்வி வீண் ஆராய்ச்சியன்று. 1980இல் எழுதப்பட்ட ஒரு கிரயப் பத்திரத்தில் போடிப் பக்கத்துக் கிராமமொன்று மதுரை ஜில்லாவின் பெயரோடுதான் காணப்படும். உடும்பன்சோலையில் 1960இல் எழுந்த பத்திரத்திற் கோட்டயம் என்றே இருக்கும். பாட்டனார் வாங்கிய நிலத்தைப் பேரன் தன் பெயருக்கு மாற்ற வருகின்றான். கணினியிலோ மேற்கணு மாற்றி எழுதப்பட்டு, பழைய எண் அழிந்துபோயிற்று. பத்திரத்தில் உள்ள ஜில்லாவின் கீழ் அக்கிராமத்தைத் தேடினால் 'இல்லை' என்று பொறி சொல்லும். பொறி சொல்வதை வேதவாக்காகக் கொள்ளும் எழுத்தர் ஏழையைத் திருப்பி அனுப்புவர். நிரல் எழுதியவர் ஓர் எண்ணின்மேல் மற்றோர் எண்ணை எழுதினார்; அதன் பயனாக ஒருவன் தன் நிலத்துக்காகப் பலநாட் கூலியை இழந்து அலைகின்றான். சிறு வடிவமைப்பு என்று நாம் கருதுவது பிறர் வாழ்வில் இவ்வளவு தூரம் சென்று தாக்கும்.

இன்னுமொன்று. ஓர் ஊர் ஒரே காலத்தில் ஒரே மரத்தில் மட்டும் நிற்பதில்லை. வருவாய்த் துறையின் மரம் ஒன்று. நகராட்சி, ஊராட்சிகளின் மரம் வேறொன்று. தேர்தல் மரம் மூன்றாவது. போடிநாயக்கனூர்ச் சட்டமன்றத் தொகுதி பெரியகுளம் நாடாளுமன்றத் தொகுதியில் அடங்கியிருந்து, தொகுதி மறுவரையறைக்குப் பின், 2009ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் தேனித் தொகுதியில் அடங்கியது. அதாவது, வருவாய் மரத்தில் தேனி தோன்றிப் பத்தாண்டுகளுக்கு மேற்சென்ற பின்னரே தேர்தல் மரம் அசைந்தது. மேற்கணு எண்ணுக்கு ஒரே இடம் வைத்த அட்டவணையில் இவ்விரண்டையும் எங்ஙனம் எழுதுவது?

ஆதலின் நான் கூறுவது இது. கணுவையும் கணுக்களுக்கிடையேயுள்ள பிணைப்பையும் வேறுபிரித்து, இரண்டு இனக்குழுக்களாகவும் இரண்டு அட்டவணைகளாகவும் அமைத்தல் வேண்டும். கணுவில் எண், பெயர், வகை என்னும் மூன்றும் இருக்கும். பிணைப்பில் எந்த மரம், கீழ்க்கணு எது, மேற்கணு எது, தொடங்கிய நாள், முடிந்த நாள் என்னும் ஐந்தும் இருக்கும். கிளை மாறும்பொழுது பழைய பிணைப்பை அழிக்காமல் அதில் முடிவு நாளை எழுதி, புதுப் பிணைப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும். நாளைக் குறித்துக் கேட்டால் அந்நாளின் மரம் எழுந்து நிற்கும். 1980ஐக் கேட்டால் மதுரை. இன்றைக் கேட்டால் தேனி. இரண்டும் மெய்யே.

பிணைப்பு என்னும் இனக்குழுவுக்கு மூன்று காவற்கடமைகள் உண்டு. ஒரே மரத்தில் ஒரே கணுவுக்கு ஒரே நாளில் இரண்டு மேற்கணுக்கள் அமையாமற் காத்தல் ஒன்று. போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளங்கள் இக்காவலைத் தாமே செய்யவும் வல்லன. தன் வழித்தோன்றலையே தனக்கு மேற்கணுவாகக் கொள்ளாமற் காத்தல் மற்றொன்று. புது மேற்கணுவிலிருந்து வேர்வரை ஏறிச்சென்று, வழியில் அக்கணுவே எதிர்ப்பட்டால் மாற்றத்தை மறுத்துவிட வேண்டும். மூன்றாவது, கிளை முழுவதையும் ஒரே வினவலில் வரவழைத்தல். கணுவுக்கொரு முறை தரவுத்தளத்தை வினவும் நிரல், ஜீப்பில் ஒவ்வொரு மூட்டையாக ஏற்றி மெட்டுக்கும் போடிக்கும் ஓயாது ஓடுபவனை ஒக்கும். எல்லா மூட்டையையும் ஒரே நடையில் இறக்குவதே அறிவுடைமை.

இதற்குத் தடை கூறுவார் இருவகையினர். மேற்கணுவைப் பற்றி வேர்வரை ஏறுவது தரவுத்தளத்துக்கு இயலாத பாரம் என்பார் ஒரு சாரார். முன்னாளில் இது மெய்யே. ஆனால் 1999ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். நியமத்திலேயே தற்சுழற்சி வினவல் இடம்பெற்றுவிட்டது. 2018இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 8.0 வரையில் பெரிய தரவுத்தளங்கள் பலவும் அதனை ஏற்றுவிட்டன. ஜில்லா மரத்தின் ஆழமோ ஆறேழு படிகள். அதற்கு மேலும் விரைவு வேண்டுமாயின், முன்னோர் அட்டவணை ஒன்றைப் பிணைப்புகளிலிருந்து கணித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அது நிழலாக இருக்கட்டும். மூலம் பிணைப்பாகவே இருக்கட்டும். சிறு வேலைக்கு இத்துணை விரிவு எதற்கு என்பார் மற்றொரு சாரார். ஒருபோதும் கிளை மாறாத பட்டியலுக்கு இது வேண்டா என்பதை நானும் உடன்படுவேன். ஆயினும் மாறாது என்று நாம் எண்ணுவனவும் மாறுகின்றன. ஏலச்செடியின் பெயரையே நோக்குக: 1753இல் லின்னேயஸ் அதனை அமோமம் என்னும் பேரினத்தில் வைத்தார்; 1811இல் மேட்டன் எலெட்டாரியாவுக்கு மாற்றினார். செடி அறியாமலே அதன் குலம் மாறிற்று.

ஓரிடத்தில் மட்டும் மரம் என்னும் கருத்தே நமக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. நறுமணப்பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியில் ஏலக்காய் விற்பனை நடைபெறுகின்றது. விளைவித்தவரின் சரக்கு அங்கே தனித்தனி லாட்டாக வருகின்றது. அதுவரையில் லாட்டுக்குத் தோட்டம் ஒன்றே. வாங்கிய வியாபாரி பல லாட்டுகளைச் சேர்த்துச் சல்லடையிட்டு, பருமனும் நிறமும் பார்த்துப் புதிதாய்ப் பிரித்துவிடுகின்றார். இப்பொழுது ஒரு மூட்டைக்குத் தாய்த்தோட்டம் பல. பூச்சிமருந்தின் எச்சம் மிகுந்ததென அயல்நாட்டிற் சரக்கு திருப்பப்படுமானால், எவர் தோட்டத்துக் காய் என்று கண்டறிவது அங்ஙனம் கலந்ததை உள்ளவாறு எழுதி வைத்தவர்க்கே இயலும். மரமாகத்தான் எழுதுவேன் என்று ஒருவர் பிடிவாதமாக ஒரு தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால், குற்றமற்ற ஒருவர்மேற் பழி விழும். இவ்விடத்தும் பிணைப்பைத் தனியே வைத்தவர்க்குத் துன்பமில்லை; ஒரு மேற்கணு என்னும் காவலை இந்த வகைக்கு மட்டும் நீக்கி, எத்தனை கிலோ எங்கிருந்து வந்தது என்னும் அளவையும் சேர்த்து எழுதினாற் போதும்.

1970இல் எட்கர் காட் என்னும் அறிஞர் தொடர்புமுறைத் தரவுத்தளக் கொள்கையை வெளியிட்டபோது, செய்திகளை மரமாகவே கட்டிவைக்கும் அக்கால வழக்கத்தினின்று நிரல்களை விடுவிப்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அப்பொலோ முயற்சிக்கெனத் தொடங்கிய ஐ.எம்.எஸ். அவ்வழக்கத்துக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. காட்டின் நெறியில், தொடர்பு என்பது செய்திகள் சேமிக்கப்பட்ட இடத்தால் விளைவதன்று. அதுவும் எழுதப்பட வேண்டிய ஒரு செய்தியேயாம். நாம் மீண்டும் மரத்தை அட்டவணைக்குள் கொணரும்போது அப்பாடத்தை மறத்தலாகாது.

மாணவ நண்பர்காள்! நாளை நீங்கள் எழுதும் நிரல்களில் உங்கள் ஊரும், உங்கள் உறவினரின் நிலமும், அவர்கள் விளைவித்த காயும் ஏறும். எழுதத் தொடங்குமுன் மூன்று வினாக்களை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இக்கிளை மாறுமோ? மாறியபின் பழையதைக் கேட்பார் உளரோ? ஒன்றுக்கு ஒரே தாய்தானோ? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே இனக்குழுவின் பெயரை எழுதுங்கள். கோடுகளை மாற்றுவது அரசாங்கத்தின் உரிமை. மாறுமுன் அவை எங்கிருந்தன என்பதை மறவாதிருப்பது பதிவு எழுதுவோரின் கடமை.