ரூபாயின் மதிப்பும் கூலியின் மதிப்பும்

ரிசர்வ் வங்கி, பணவீக்கம், வட்டி விகிதம், இதெல்லாம் நமக்கெதுக்கு, சாதிக் கொடுமைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்ல சி. ரங்கராஜனின் பதவி வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவரைத் திட்டுவதற்காக அல்ல. அவர் திறமைசாலி. அந்தத் திறமை யாருடைய கணக்கைப் பார்த்தது என்பதுதான் என் கேள்வி.

அரியலூரில் பிறந்தவர். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தில் பேராசிரியர், 1982இல் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர், 1992 முதல் 1997 வரை ஆளுநர். பிறகு ஆந்திர மாநில ஆளுநர், நிதிக்குழுத் தலைவர், பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழுத் தலைவர், மாநிலங்களவை உறுப்பினர். ஆட்சிகள் மாறின, நாற்காலி மட்டும் மாறாமல் கிடைத்தது.

1991 ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பை இரண்டே தவணையில் குறைத்தார்கள். ரிசர்வ் வங்கியில் அந்தக் காரியத்தை நடத்தியவர் அப்போது துணை ஆளுநராக இருந்த இவர். ஏற்றுமதி பெருகும், நாடு பிழைக்கும் என்றார்கள். அந்நியச் செலாவணி வற்றிப்போயிருந்தது உண்மை. ஆனால் ரூபாய் மதிப்பு விழுந்தால் யாருக்கு லாபம் என்ற கேள்வியை 1923லேயே அம்பேத்கர் ‘ரூபாயின் பிரச்சினை’ நூலில் கேட்டுவிட்டார். விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறாது, நொண்டிக்கிட்டுத்தான் பின்னால வரும். ஏற்றுமதிக்காரன் அடையும் லாபம் வெளிநாட்டிலிருந்து வருவதல்ல, உள்நாட்டுக் கூலிக்காரனிடமிருந்து பிடுங்கியது என்று வாதிட்டார். ரிசர்வ் வங்கியை உண்டாக்கியதே அம்பேத்கர்தான் என்று நம்மில் சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அந்த மிகைப்படுத்தல் தேவையில்லை. 1925இல் நாணயக் கமிஷன் முன் அவர் சாட்சி சொன்னார். அந்தக் கமிஷன் மத்திய வங்கி வேண்டுமென்றது. 1935இல் ரிசர்வ் வங்கி வந்தது. அவர் கேட்ட கேள்விதான் நமக்குச் சொத்து.

ரங்கராஜனுக்குரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் நினைத்தபோதெல்லாம் ரிசர்வ் வங்கியிடம் தற்காலிகக் கருவூல உண்டியலைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தது. 1994இல் ஒப்பந்தம் போட்டு, 1997இல் அதை முடித்துவைத்தார். விலைவாசிக்கு ஒரு கடிவாளம் அது. விலைவாசி ஏறினால் முதலில் அடி விழுவது சேரியின் அடுப்பில்தான். அந்த அளவில் அது நமக்கும் ஆன காரியம்.

ஆனால் பணத்தின் மதிப்பைக் காப்பது பாதி வேலை. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பது மீதிப் பாதி. இவர் ஆளுநராக இருந்தபோது, 1994 அக்டோபரில், 2 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களுக்கு வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்றானது. புதிய தனியார் வங்கிகள் வந்தன. நிலப்பட்டாவும் ஈடும் இல்லாதவனுக்கு எந்த வங்கி வந்தது? 1972லேயே 4 விழுக்காடு வட்டியில் கடன் திட்டம் ஒன்று இருந்தது. வங்கிகள் தரும் கடனில் 1 விழுக்காடு அதற்கு, அதிலும் 40 விழுக்காடு தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு என்று விதி. பிற்காலத்தில் அந்த ஒரு விழுக்காட்டின் பக்கத்தில்கூட வங்கிகள் வரவில்லை. மீட்டர் வட்டிக்காரன் மட்டும் தவறாமல் வந்தான்.

2008இல் இதே ரங்கராஜன் தலைமையிலான குழு ஓர் அறிக்கை தந்தது. விவசாயக் குடும்பங்களில் 73 விழுக்காட்டுக்கு நிறுவனக் கடனே கிடைப்பதில்லை என்றது. மேலே உட்கார்ந்திருந்தவரே கீழே இறங்கி வந்து பார்த்துச் சொன்ன மாதிரி. சரி, அந்த 73இல் நாம் இருக்கிறோமா? கணக்கெடுப்பில் விவசாயி என்றால் சொந்தமாகவோ குத்தகைக்கோ கொஞ்சமாவது நிலத்தில் பயிர்செய்பவர். நிலமே இல்லாத கூலிக்காரர் அந்தக் கணக்குக்கு வெளியே. ஒதுக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்த புள்ளிவிவரத்திலும் நாம் ஒதுக்கப்பட்டோம்!

2014இல் வறுமைக்கோடு. கிராமத்தில் நாளைக்கு 32 ரூபாய், நகரத்தில் 47 ரூபாய் செலவழித்தால் ஏழை இல்லை என்றது இவர் தலைமையிலான நிபுணர் குழு. பழைய 27, 33ஐவிட இது மேல்தான். அந்தக் கோட்டின்படியே 36 கோடிப் பேர் ஏழைகள். கோட்டை இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள், அவ்வளவுதான். டீக்கடையில் தனிக்குவளை வைக்கப்பட்டவனிடம் 33 ரூபாய் இருந்தால் அவன் ஏழை இல்லையாம். காசு இருந்தும் ஊருக்குள் வீடு வாங்க முடியாதவனை எந்தக் கோட்டில் வைப்பது?

சாதியைப் பார்க்காத பொருளாதாரம் நடுநிலையானதில்லை. அது நிலம் வைத்திருப்பவன் பக்கம் தானாகவே சாய்ந்துவிடும். அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, பழைய அளவுகோல் போதும். ஆகவே நாம் கேட்க வேண்டியது: எந்த ஊரில், எந்தக் கிளை, எந்தச் சாதிக்கு, எவ்வளவு கடன் கொடுத்தது என்கிற கணக்கு. நிலமற்றவனின் உழைப்பை ஈடாக ஏற்கிற கடன். அடுத்து ரிசர்வ் வங்கி நாற்காலிக்கு யார் வந்தாலும் சரி, அம்பேத்கரின் கேள்வியை அவரிடம் வைப்போம்: உங்க ரூபாய் நிக்குதா விழுதான்னு அப்புறம் பார்க்கலாம், எங்க கூலி என்னாச்சு?