கைப்பேசியை அணைத்தால் அவதூறு அணையுமா?

சமூக ஊடகங்களைக் குறை சொல்வது வீண் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருக்கிறார். அவை கத்தியைப் போன்றவையாம். பழம் நறுக்குவதும் ஆளைக் குத்துவதும் பிடிப்பவன் கையில்தான் இருக்கிறதாம். வசையைத் தாங்க முடியாதவர்கள் கைப்பேசியை அணைத்துவிட்டுப் போக வேண்டியதுதானாம். ஜொகூரில் நம் சாஆ போன்ற சிற்றூருக்கு அவற்றால் நன்மையே தவிரத் தீங்கு இல்லையாம். இவற்றில் ஒரு வாதம்கூட நிற்காது.

இரக்கமே இல்லாத வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டிக்டாக்கில் ஏஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி, தன்னை இழிவுபடுத்தியவர்கள் மீது போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள், 2024 ஜூலை 5, கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். சட்டம் காட்டிய வழியில்தான் அவர் போனார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை 100 வெள்ளி அபராதம். 1955ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அந்தப் பிரிவுக்கு உச்ச தண்டனையே அவ்வளவுதான். இதற்குப் பிறகும் ‘அணைத்துவிட்டுப் போ’ என்று எழுதுவது, செத்தவர் மீதே பழியைப் போடுவது.

சாஆவின் பெயரைச் சொல்லி அப்படி எழுதுவது இன்னும் மோசம். இங்கே ஒரு பெண்ணைப் பற்றிய காணொளி இரவில் பரவினால், காலையில் சந்தையிலும் பள்ளி வாசலிலும் கோயிலிலும் அவள் எதிர்கொள்ளும் ஒவ்வொருவரும் அதைப் பார்த்திருப்பார்கள். அவள் தன் கைப்பேசியை அணைக்கலாம். ஊரார் கையில் இருப்பவற்றை யார் அணைப்பது? கோலாலம்பூரில் வீடு மாற்றிக்கொண்டு முகம் தெரியாமல் வாழலாம். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்தச் சிறு பட்டணத்தில் அவள் எங்கே போவாள்?

அடுத்து, கத்தி. எந்தக் கத்தியும் தானாக ஆள் தேடிப் போவதில்லை. குத்துவதைப் பார்க்கக் கூட்டம் சேர்த்து, அந்தக் கூட்டத்திடம் வசூலித்ததில் பங்கு கேட்பதும் இல்லை. டிக்டாக் நேரலையில் பார்ப்பவர்கள் காசு கொடுத்துப் பரிசு அனுப்புகிறார்கள். அதில் ஒரு பங்கு நிறுவனத்துக்கு. ஒலிப்பது பாட்டா வசையா என்பதைக் கணக்குப் புத்தகம் பார்ப்பதில்லை. மனிதரின் பலவீனத்தைப் பயன்படுத்தித்தான் முகநூல் கட்டப்பட்டது என்பதை அதன் முதல் தலைவர் ஷான் பார்க்கரே 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். செய்தவர்களே ஒப்புக்கொண்டதை நம் கட்டுரையாளர் மறுக்கிறார்.

2023 மார்ச் வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்றியவை இந்தச் செயலிகள்தான் என்கிறார். நம் சிகாமட் மாவட்டம் தத்தளித்தபோது, ஜொகூர் முழுவதும் 40,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறியபோது, புலனத்தில் (வாட்ஸ்அப்) தகவல் பறந்தது உண்மை. யாருக்கு யார் அனுப்பினார்கள்? ஒருவரையொருவர் அறிந்த அண்டை வீட்டார், உறவினர், தோட்டத்து நண்பர்கள். படகில் போனதும் சோறு வடித்ததும் மனிதர்கள். அவர்கள் சேர்த்த நற்பெயரை எடுத்து, வசையில் காசு பார்க்கும் நிறுவனங்களுக்குச் சூட்ட இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கட்டுப்பாடு வந்தால் பேச்சுரிமை போய்விடும் என்ற பயமுறுத்தல் கடைசி வாதம். அரசு தன்னை விமர்சிப்பவர்களின் வாயை அடைக்கச் சட்டத்தைத் திருப்பினால் நானும் எதிர்ப்பேன். ஆனால் ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்தி வதைப்பது எந்த உரிமையில் சேரும்? 2025 ஜூலை முதல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் நடப்புக்கு வந்துள்ளன; பகடிவதையால் ஒருவரை உயிரை மாய்த்துக்கொள்ளத் தூண்டினால் 10 ஆண்டு வரை சிறை. 2026 ஜனவரி முதல் இணையப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களையும் பொறுப்பாக்குகிறது. தவறினால் ஒரு கோடி வெள்ளி வரை அபராதம். 100 வெள்ளியிலிருந்து இங்கே வந்து சேர ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

இனிக் கேட்க வேண்டியது இதைத்தான்: மலாய் கலந்து, ரோமன் எழுத்தில் நாம் எழுதும் தமிழ் வசையைப் புரிந்துகொள்ளும் ஆட்களை இந்த நிறுவனங்கள் வேலைக்கு வைத்திருக்கின்றனவா? புகார் வந்தவுடன் நேரலையை நிறுத்துவார்களா, ஓடவிட்டுப் பங்கு எடுப்பார்களா? இந்தக் கேள்விகளை நிறுவனங்களிடம் கேட்கும் துணிவில்லாமல், பாதிக்கப்பட்டவரிடம் போய்க் கைப்பேசியை அணைக்கச் சொல்வது கோழைத்தனம். கட்டுரையாளர் அந்த வரியைத் திரும்பப் பெற வேண்டும்.