பத்திரம் ஹேஷ்டேபிள் பெயரில்

2017-இல் வந்த ஜாவா 9-இன் மூலநிரலில் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸைத் திறந்து பாருங்கள். அறிவிப்பு வரியின்படி அது இன்னும் ஹேஷ்டேபிளின் வாரிசுதான். ஆனால் உள்ளே ஒரு கன்கரன்ட்ஹேஷ்மேப் உறுப்பு உட்கார்ந்திருக்கிறது. தரவு முழுவதும் அதில்தான் போய்ச் சேர்கிறது. ஹேஷ்டேபிளிடமிருந்து வந்த மெத்தடுகளை ஒவ்வொன்றாக ஓவர்ரைடு செய்து, அழைப்புகளை அந்த மேப்புக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பத்திரம் ஹேஷ்டேபிள் பெயரில். குடியிருப்பது வேறு ஆள்.

இதற்குப் பதிலாக அறிவிப்பு வரியில் 'எக்ஸ்டெண்ட்ஸ் ஹேஷ்டேபிள்' என்பதை அழித்திருக்கலாமே? அழிக்க முடியாது. 1996-இல் ஜாவா 1.0 வந்த நாளிலிருந்து எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் ப்ராப்பர்ட்டீஸை ஹேஷ்டேபிள் என்று நம்பி வாங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த உறவை வெட்டினால் அவை கம்பைல் ஆகாது. முன்பே கம்பைல் ஆனவை ஓடும்போது விழும். சேமிப்பிடத்தை மட்டும் மாற்றியபோதோ, நம்மில் பெரும்பாலோருக்கு மாறியதே தெரியவில்லை. மரபுரிமை என்பது வெளியே அறிவித்துவிட்ட வாக்கு. காம்பொசிஷன் உள்விவகாரம். இரண்டில் எது என்று முடிவெடுக்கும்போது முதலில் கணக்கிட வேண்டியது, பின்னாளில் அதைப் பிரிக்க என்ன செலவாகும் என்பதைத்தான்.

கல்லூரியில் நமக்குச் சொல்லித்தந்தது வேறு. 'நாய் ஒரு விலங்கு' என்று வாக்கியம் அமைந்தால் மரபுரிமை, 'காருக்கு எஞ்சின் உண்டு' என்று அமைந்தால் காம்பொசிஷன். இந்தச் சோதனையில் ப்ராப்பர்ட்டீஸும் தேறிவிடும்: சாவி இருக்கிறது, மதிப்பு இருக்கிறது, ஆகவே அது ஒரு ஹேஷ்டேபிள். ஆனால் ப்ராப்பர்ட்டீஸுக்குள் இருக்க வேண்டியவை சரங்கள் மட்டும். தந்தையிடமிருந்து வந்த 'புட்' மெத்தட் எதை வேண்டுமானாலும் உள்ளே விடும். ஒரு முழு எண்ணைப் போட்டுவிட்டு 'ஸ்டோர்' செய்து பாருங்கள், கிளாஸ்காஸ்ட் எக்செப்ஷன் வரும். 'கெட்ப்ராப்பர்ட்டி' இயல்பு மதிப்புகளின் பட்டியலையும் தேடிப் பார்க்கும். மரபில் வந்த 'கெட்' அந்தப் பட்டியலைத் திரும்பியும் பார்க்காது. ஒரே ஆப்ஜெக்ட், ஒரே சாவி, இரண்டு பதில். 'புட்' பயன்படுத்தாதீர்கள் என்று ஆவணம் கெஞ்சுகிறது. பப்ளிக் மெத்தடைத் திறந்துவைத்துவிட்டு ஆவணத்தில் கெஞ்ச வேண்டியிருந்தால், தவறு பயன்படுத்துபவரிடம் இல்லை.

ஜாவாவின் டைம்ஸ்டாம்ப் கிளாஸ் கதை இன்னும் வெளிப்படையானது. அது டேட்டின் வாரிசு. ஆனால் இது நிரலாக்கத்துக்கான மரபுரிமையே தவிர வகைக்கான மரபுரிமை அன்று என்று அதன் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. டேட் பக்கமிருந்து கேட்டால் இரண்டும் சமம் என்று வரலாம். டைம்ஸ்டாம்ப் பக்கமிருந்து அதே கேள்வியைக் கேட்டால் இல்லை என்று வரும். தந்தை நிற்கும் இடத்தில் பிள்ளையை நிறுத்தினாலும் நிரலின் நடத்தை பிசகக் கூடாது என்று பார்பரா லிஸ்கோவ் 1987-இலேயே பேசினார். 1994-இல் ஜெனட் விங்குடன் சேர்ந்து அதை முறையாக எழுதியும் வைத்தார். வாக்கியச் சோதனை பெயர்களைத்தான் ஒப்பிடுகிறது. லிஸ்கோவ் ஒப்பிடச் சொன்னது நடத்தையை.

இதற்காக மரபுரிமையே தீண்டத்தகாதது என்று ஆகிவிடாது. மரபுரிமையைவிட காம்பொசிஷனை நாடுங்கள் என்று 1994-இல் நால்வர் குழுவின் டிசைன் பேட்டர்ன்ஸ் நூல் சொன்னதை மந்திரமாக்கிக்கொண்டு, எல்லா அழைப்பையும் அப்படியே கடத்திவிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத கிளாஸ்களை வரிசையாக எழுதிக் குவிப்பவர்களும் நம்மிடையே உண்டு. தந்தையும் பிள்ளைகளும் ஒரே குழுவின் கையில், ஒரே மாட்யூலுக்குள் இருந்தால் உறவைப் பிரிப்பது ஒரு பிற்பகல் வேலை. 2021-இல் ஜாவா 17 நிலைப்படுத்திய சீல்டு கிளாஸ்கள் இந்த வேலியைத்தான் மொழிக்குள்ளேயே போடுகின்றன: யார் யார் வாரிசு என்று தந்தையே பட்டியல் கொடுத்துவிடும். காட்லினில் எந்த கிளாஸும் 'ஓபன்' என்று சொல்லாதவரை ஃபைனல்தான்.

யூ.எம்.எல். வரைபடத்தில் வரும் வைரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்ரிகேஷனுக்கு வெற்று வைரம், காம்பொசிஷனுக்கு நிரப்பிய வைரம். நேர்முகத் தேர்வுகளில் இதன் வேறுபாட்டைக் கேட்காத நிறுவனம் அரிது. யூ.எம்.எல்.-ஐ உருவாக்கிய மூவரில் ஒருவரான ஜேம்ஸ் ரம்பா, வெற்று வைரத்தை மருந்தில்லாத மாத்திரை என்றே வர்ணித்தார். அதன் துல்லியமான பொருளைத் தரநிலையும் வரைபவரிடமே விட்டுவிட்டது. நிரப்பிய வைரத்துக்கு மட்டும் சரக்கு உண்டு: பகுதி ஒரு நேரத்தில் ஒரு முழுமைக்கே சொந்தம், முழுமை போனால் அதுவும் போகும்.

அதாவது அது ஆப்ஜெக்ட்டின் ஆயுளைப் பற்றிய பேச்சு. சி++11-இன் யூனிக் பாயின்டர், ஷேர்டு பாயின்டர், வீக் பாயின்டர் மூன்றும் இதைக் குறியீட்டிலேயே சொல்ல வைக்கின்றன. ரஸ்டில் சொல்லாமல் கம்பைலரைத் தாண்ட முடியாது. ஜாவாவிலும் பைத்தானிலும் எல்லாமே ஒரே தோற்றமுள்ள ரெஃபரன்ஸ். உடைமையாளர் யார், எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர் யார் என்பதற்கு அடையாளம் கிடையாது. ஆண்ட்ராய்டில் திரையைத் திருப்பினால் ஆக்டிவிட்டி புதிதாகப் பிறக்கும், பழையது போக வேண்டும். ஆனால் அதற்குள் எழுதிய ஸ்டேட்டிக் அல்லாத ஹேண்ட்லர் கிளாஸ், தன் வெளி ஆப்ஜெக்ட்டைச் சொல்லாமலே பிடித்துவைத்திருக்கும். தாமதமாக ஓட வேண்டிய ஒரு செய்தி வரிசையில் காத்திருக்கும்வரை, பழைய திரை முழுவதும் நினைவகத்தில் தங்கிவிடும். எந்த கிளாஸ் வரைபடத்திலும் இந்தக் கோட்டை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். கோட் ரிவ்யூவில் இது எந்த வகை உறவு என்று விவாதிப்பதை விட, இந்த ரெஃபரன்ஸை எப்போது, யார் விடுவிப்பார்கள் என்று கேட்டால் வேலை நடக்கும்.

கடைசியாக, பழைய நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கு. ஜாவாவின் ஸ்டேக், ப்ராப்பர்ட்டீஸுக்கு வந்த அதே நோய்க்கு இன்னொரு சாட்சி. வெக்டரின் வாரிசு என்பதால் அதன் அடியிலும் நடுவிலும் பொருளைச் செருகலாம், எந்த இடத்திலிருந்தும் உருவலாம். டெக் வகைகளுக்கு மாறச் சொல்லி ஆவணமே பரிந்துரைக்கிறது. மாறும்போது கவனியுங்கள்: ஸ்டேக்கின் மேல் ஃபார் லூப் ஓட்டினால் அடியிலிருந்து மேலே வரும், வெக்டரின் வழக்கம் அது. ஸ்டேக்காகப் பயன்படுத்தும் அர்ரேடெக் மேலிருந்து கீழே வரும். நல் மதிப்பையும் அது ஏற்காது. புஷ்ஷும் பாப்பும் மட்டும் சோதிக்கும் டெஸ்ட்டுகள் எல்லாம் பச்சையாகவே தெரியும். லூப்களை நீங்கள்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.