கழுதைக் கட்சியும் யானைக் கட்சியும்

நம் கல்யாண வீடுகளில் ஏசற்பாட்டு என்று ஒன்று உண்டு. நலங்கு நடக்கும் வேளையில் பெண் வீட்டார் பிள்ளை வீட்டாரையும், பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரையும் பாட்டிலே வைத்து வாங்கிவிடுவார்கள். சம்பந்தியின் தொந்தி தப்பாது. மாப்பிள்ளையின் நிறம் தப்பாது. வந்த சீரின் அளவும் தப்பாது. கேட்பவர்கள் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும் என்பது ஏசலின் விதி. பந்தலைப் பிரிக்கும்போது பாட்டையும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது அதனினும் பெரிய விதி.

இத்திங்கள் நாம் காண இருப்பது கடல் கடந்த ஓர் ஏசல். ஐக்கிய அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமைக்கு மறுநாள், ஜனாதிபதித் தேர்தல் நடைபெறுகிறது. அதற்கு முன்னுள்ள பல மாதங்கள் அந்நாட்டில் வாய் ஓயாத மாதங்கள். வேட்பாளர்களைப் பற்றி வாக்காளர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வது அங்கே பழைய வழக்கம்.

அந்த ஊர் ஏசல் நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்ற கமலா ஹாரிஸின் தாயார் சியாமளா கோபாலன் நம் தமிழ்நாட்டவர். அவர் குடும்பத்தின் பூர்வீகமான துளசேந்திரபுரம் திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. அவ்வூர்க் கோயிலில் அவருக்காக அர்ச்சனை நடந்தது. அதே வேளையில், எதிர்த்தரப்பில் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ற ஜே. டி. வான்ஸின் மனைவி உஷாவின் முன்னோர் ஊரான வட்லூரில், ஆந்திரத்து மேற்குக் கோதாவரி மாவட்டத்தில், அந்தத் தரப்பின் வெற்றிக்காகப் பூசை நடந்தது. அடுத்த வீட்டுத் தெலுங்கு அன்பரிடம், “எங்கள் ஊர்ப் பேத்தியா, உங்கள் ஊர் மாப்பிள்ளையா, பார்த்துவிடுவோம்!” என்று சவால் விடத் தமிழனுக்கு இதைவிட நல்ல தருணம் ஏது? டொனால்டு டிரம்ப் 312-க்கு 226 என்ற கணக்கில் வென்றார். ஆகவே அந்தச் சுற்றில் கோதாவரிக்கே ஜயம்!

நாம் வாக்கில்லாத வேடிக்கைக்காரர். ஆனால் நம் சங்கத்தைப் போன்ற பல சங்கங்களைச் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பெண்களும் இன்று அந்நாட்டுக் குடிகளாகி வாக்குரிமையோடு இருக்கிறார்கள். அண்ணன் ஒரு கட்சி, தங்கையின் கணவன் ஒரு கட்சி என்று பிரிந்து நிற்பதும் உண்டு. எனவே இந்த ஏசலின் வரலாற்றை அறிந்துகொள்வது நமக்கும் பயன் தரும்.

முதலில் கழுதையின் கதை. 1828-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்னும் சேனாபதி, அப்போது பதவியில் இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸை எதிர்த்து நின்றார். ஜாக்ஸனின் பெயரைத் திரித்து எதிரிகள் அவரைக் கழுதை என்று ஏசினார்கள். அவரோ அந்தப் பட்டத்தை மறுக்கவில்லை. பிடிவாதமும் உழைப்பும் உள்ள பிராணிதானே என்று ஏற்றுக்கொண்டார். பின்னர் தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ பத்திரிகையில் 1870-இல் கழுதையையும், 1874-இல் குடியரசுக் கட்சிக்கு யானையையும் வரைந்தார். வசையாகப் பிறந்த பெயர் கொடியில் ஏறிவிட்டது. ஏசப்பட்டவன் சிரித்துவிட்டால் ஏசியவன் தோற்றான் என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாவது சான்று இன்னும் சுவையானது. 1840-இல் விக் கட்சியின் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிஸன், அறுபத்தேழு வயது முதியவர். பால்டிமோரிலிருந்து வெளிவந்த ஒரு பத்திரிகை, இந்தக் கிழவருக்கு ஒரு பீப்பாய் ஆப்பிள் கள்ளும் கொஞ்சம் உபகாரச் சம்பளமும் கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்து காலத்தைக் கழித்துவிடுவார் என்று எகத்தாளம் செய்தது. விக் கட்சியார் அதையே பற்றிக்கொண்டார்கள். ஊருக்கு ஊர் மரக்குடிசைகளைச் சக்கர வண்டியில் வைத்து ஊர்வலம் விட்டார்கள். பீப்பாயைத் திறந்து வந்தவர்க்கெல்லாம் வார்த்தார்கள். எங்கள் தலைவர் ஏழை மக்களில் ஒருவர் என்றார்கள். உண்மை என்ன? ஹாரிஸன் வர்ஜீனியாவில் பெரும் பண்ணை மாளிகையில் பிறந்தவர். அவர் தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர். மாளிகைவாசி என்று அவர்கள் தூற்றிய எதிரி மார்ட்டின் வான் பியூரன்தான் சாவடி நடத்தியவரின் மகன்! அன்று வாக்குரிமை பெரும்பாலும் வெள்ளையர் இனத்து ஆண்களுக்கே இருந்தது. அவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் அளவில் திரண்டு வந்து வாக்களித்தார்கள். ஹாரிஸன் 234-க்கு 60 என்று வென்றார். பதவியேற்ற ஒரு மாதத்தில், 1841 ஏப்ரல் 4-ஆம் நாள், காலமானார். கேலி மக்களை வாக்குச் சாவடிக்கு இழுத்து வந்தது உண்மை. ஆனால் உண்மையைத் தலைகீழாக்கியதும் அதே கேலிதான்.

கேலிக்கு நஞ்சும் உண்டு. ஜாக்ஸனின் கதைக்கே திரும்புவோம். அவர் மனைவி ரேச்சல் முதற்கணவரிடமிருந்து பிரிந்தவர். மணவிலக்கு முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் இருவரும் 1791-இல் மணந்தார்கள்; அது முடியவில்லை என்று பின்னர் தெரிந்ததும் 1794-இல் மீண்டும் முறைப்படி மணம் செய்துகொண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய சங்கதி. 1828 தேர்தலில் இதைச் சந்தியில் இழுத்து, அந்த மூதாட்டியைக் கற்பிழந்தவள் என்று எழுதினார்கள். ஜாக்ஸன் வென்றார். ஆனால் அந்த டிசம்பர் 22-ஆம் நாள், கணவர் பதவியேற்கும் முன்பே, ரேச்சல் மாரடைப்பால் இறந்தார். அவதூறு பேசியவர்களே அவளைக் கொன்றார்கள் என்று ஜாக்ஸன் கடைசி வரை நம்பினார்.

1884-ஆம் ஆண்டிலும் அப்படியே. ஜனநாயகக் கட்சியின் குரோவர் கிளீவ்லாந்து மணமாகாத காலத்தில் ஒரு குழந்தைக்குத் தந்தையானார் என்ற செய்தி வெளியாயிற்று. அக்குழந்தை ‘அப்பா எங்கே?’ என்று அம்மாவைக் கேட்பதுபோல் எதிர்க்கட்சியார் ஊர்வலங்களில் முழங்கினர். கிளீவ்லாந்து வென்றதும், ‘ஜனாதிபதி மாளிகைக்குப் போய்விட்டார்’ என்று அவர் கட்சியார் பதில் முழங்கிச் சிரித்தனர். இந்தக் கேள்வி பதிலை அமெரிக்கத் தேர்தல் நகைச்சுவையின் சிகரமென்று பலர் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால் அந்தத் தாய்க்கு ஒரு பெயர் இருந்தது: மரியா ஹால்பின். குழந்தையை அவளிடமிருந்து பிரித்து அநாதை விடுதியில் சேர்த்தார்கள். இரு கட்சியாரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பதற்கு என்ன இருந்தது? வேட்பாளனை நோக்கி எறிந்த கல் வீட்டுப் பெண்கள்மேல் விழுந்த கதைகள் இவை.

அதே தேர்தலில் மற்றொரு பாடமும் கிடைத்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளெய்ன் நியூயார்க்கில் பாதிரிமார் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தார். அக்டோபர் 29-ஆம் நாள் அது. வரவேற்றுப் பேசிய பர்ச்சர்டு என்ற பாதிரியார், ஜனநாயகக் கட்சி மதுவையும் ரோமன் மதத்தையும் கலகத்தையும் மூதாதையராகக் கொண்டது என்று மூன்று சொற்களை அடுக்கினார். ஆங்கிலத்தில் அம்மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. மோனை நன்றாகத்தான் இருந்தது. பிளெய்ன் அங்கேயே கண்டிக்காமல் இருந்துவிட்டார். வேட்பாளரை விட்டுவிட்டு வாக்காளரின் சமயத்தை இகழ்ந்த பேச்சு அது. ஐரிஷ் கத்தோலிக்கர் நிறைந்த நியூயார்க்கில் அச்செய்தி தீயாய்ப் பரவிற்று. அம்மாநிலத்தைப் பிளெய்ன் ஆயிரத்துச் சில்லறை வாக்குகளில் இழந்தார். அதன் 36 தேர்தல் குழு வாக்குகள் போனதால் ஜனாதிபதி பதவியும் போயிற்று. இத்தனைக்கும் பிளெய்னின் தாயாரே கத்தோலிக்கர்!

இனி, கேலி நன்மை பயந்த கதை. இது ஜனாதிபதித் தேர்தலன்று. நெவாடாவில் ஆஸ்டின் என்ற சிற்றூரின் நகரத் தலைவர் தேர்தல். ஆண்டு 1864, வடக்கும் தெற்கும் உள்நாட்டுப் போரில் மாய்ந்துகொண்டிருந்த வேளை. ரூவல் கிரிட்லி என்ற மளிகைக் கடைக்காரர் ஜனநாயகக் கட்சிக்காரர். தெற்கின்பால் அனுதாபம் கொண்டவர். எதிர்க்கட்சி நண்பர் ஒருவரோடு அவர் பந்தயம் கட்டினார். தோற்றவர் 50 பவுண்டு மாவு மூட்டையைத் தோளில் சுமந்து, வென்றவர் கட்சியின் பாட்டு முழங்க, ஊர்வலமாகப் போக வேண்டும். கிரிட்லி தோற்றார், சொன்னபடி சுமந்தார். ஊரே கூடிச் சிரித்தது. ஊர்வலம் முடிந்ததும் அம்மூட்டையை ஏலம் விட்டு, போரில் காயமுற்ற வீரர்களின் சிகிச்சை நிதிக்குத் தொகையைத் தருவதென்று முடிவாயிற்று. எடுத்தவர் மூட்டையைத் திருப்பித் தந்தார், மறுபடி ஏலம், மறுபடி திருப்பித் தந்தார்கள். கிரிட்லி அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார். ஒரு லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. எந்தப் படைக்கு எதிராக அவர் மனம் சாய்ந்திருந்ததோ, அந்தப் படையின் வீரர் புண்ணுக்கு அவர் மூட்டையே மருந்தாயிற்று. அவருடைய பள்ளித் தோழர் மார்க் ட்வெய்ன் இதனை எழுதி வைத்திருக்கிறார்.

பெரிய இடத்திலும் இப்படியொரு மரபு உண்டு. 1928-இல் ஆல் ஸ்மித் என்ற கத்தோலிக்கர் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது, அவர் வென்றால் போப்பாண்டவர் வந்து குடியேறிவிடுவார் என்று புரளி கிளப்பினார்கள். அவர் தோற்றதும், போப்பாண்டவருக்கு ‘மூட்டையை அவிழ்த்துவிடுங்கள்’ என்று தந்தி கொடுத்தாராம் என ஒரு வேடிக்கைக் கதையும் பிறந்தது. அவர் பெயரால் நியூயார்க்கில் ஆண்டுதோறும் அக்டோபரில் தரும நிதி விருந்து நடைபெறுகிறது. 1960-இல் கென்னடியும் நிக்ஸனும் அதில் கலந்துகொண்டார்கள். அதன் பின்னர்த் தேர்தல் ஆண்டுகளில் எதிரெதிர் வேட்பாளர்கள் ஒரே மேடையில் அமர்ந்து, தம்மையும் பிறரையும் பரிகசித்துப் பேசுவது வழக்கமாயிற்று. 2024-இல் டிரம்ப் நேரில் வந்தார். ஹாரிஸ் ஒளிப்பதிவு அனுப்பினார்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். மாற்றுக் கட்சியைச் சேர்ந்தவரை உங்கள் மகனோ மகளோ மணந்தால் வருந்துவீர்களா என்று 1960-ஆம் ஆண்டளவில் அமெரிக்கரிடம் கேட்டார்கள். ஆம் என்றவர்கள் இரு கட்சியிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. 2010-இல் அதுபோன்ற கேள்வியை மீண்டும் கேட்டபோது, குடியரசுக் கட்சியாரில் ஏறத்தாழப் பாதிப் பேரும், ஜனநாயகக் கட்சியாரில் மூன்றில் ஒரு பங்கினரும் ஆம் என்றார்கள். இது சாதி கேட்டுச் சம்பந்தம் பேசும் வழக்கத்தை நன்கறிந்த நமக்குப் புரியாத சங்கதியா? கட்சி அங்கே குலமாகிக்கொண்டு வருகிறது. 2020-இல் தோற்ற முடிவை ஏற்க மறுத்த கூட்டம் 2021 ஜனவரி 6-ஆம் நாள் சட்டமன்ற மாளிகைக்குள் புகுந்ததை உலகமே கண்டது. முன்பு “உன் வேட்பாளன் கழுதை” என்றார்கள். அதற்கு அவனும் ஒரு பதில் சொல்லிச் சிரிக்க முடிந்தது. “அவனுக்கு வாக்களித்த நீ மனிதனே அல்லன்” என்றால் யார் சிரிப்பார்? அந்தச் சொல்லுக்குப் பின் சம்பந்தம் இல்லை. அண்டை வீடும் இல்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. டெலவேர் மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்றோர் ஊர். 1791-இல் அது சஸெக்ஸ் வட்டத்தின் தலைநகராயிற்று. வாக்களித்த மக்கள் இரண்டு நாள் கழித்து முடிவறிய அங்கே திரும்பி வருவார்கள். அந்தத் ‘திரும்பும் நாள்’ இன்றும் இரண்டாண்டுக்கு ஒரு முறை, தேர்தலுக்கு இரண்டாம் நாள் கொண்டாடப்படுகிறது. வென்றவரும் தோற்றவரும் ஒரே வண்டியில் ஏறி ஊர்வலம் வருகிறார்கள். நீதிமன்ற வாசலில் முடிவுகளை உரக்கப் படிக்கிறார்கள். பிறகு இரு கட்சித் தலைவர்களும் சேர்ந்து ஒரு கைக்கோடரியைப் பிடித்து மணலில் புதைக்கிறார்கள். ஊராருக்கு மாட்டிறைச்சி உணவு வழங்கப்படுகிறது. நம்மில் சைவர்கள் உணவை விட்டுவிட்டுக் கோடரியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்!

இக்கதைகளிலிருந்து நாம் கொள்ளத்தக்கது இவ்வளவே. வேட்பாளனைக் கேலி செய்யலாம். அவன் வீட்டுப் பெண்களையும், அவனுக்கு வாக்களிப்பவனின் சமயத்தையும் பிறப்பையும் தொடக் கூடாது. சொல்லுகிறவன் கேட்கவும் தயாராக இருக்க வேண்டும். தோற்றவன் மூட்டையைச் சுமக்க வேண்டும். வென்றவன் அவனோடு வண்டியில் ஏற வேண்டும்.

அமெரிக்கத் தேர்தல் எப்போதும் நம் ஐப்பசி மாதத்தில் வருகிறது; தீபாவளியும் அந்நாட்களை ஒட்டியே வருகிறது. அடுத்த தேர்தலின்போது கடல் கடந்த மக்களோடு தொலைபேசியில் பேசும் பெரியவர்கள், யார் வெல்வார் என்று கேட்கும் முன்னே, அண்ணன் வீட்டுப் பலகாரம் தங்கை வீட்டுக்குப் போயிற்றா என்று விசாரிப்பார்களாக. போயிருந்தால், பிறகு எந்தக் கட்சியை வேண்டுமானாலும் மனமாரக் கேலி பேசலாம்.