டெமோ ஓடிவிட்டால் வேலை முடிந்ததா?

“ப்ரோட்டோடைப் ஓடிவிட்டது, இனி தயாரிக்க வேண்டியதுதான் பாக்கி.” பட்டறையானாலும் மென்பொருள் நிறுவனமானாலும் இதைச் சொல்லாத மேலாளர் அபூர்வம். இந்தக் கணக்கு தப்பு. நாம் எல்லோரும் விரல் வைத்து அழுத்திய ஒரு கருவியே அதற்குச் சாட்சி.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்மாதிரியை ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனம் 1979-இல் செய்து முடித்தது. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இயந்திரத்தை வைத்துத் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இயந்திரத்தில் வாக்களிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் தீர்ப்பு வந்தது. அந்த 50 சாவடிகளிலும் மறுவாக்குப்பதிவு. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது 1988 டிசம்பரில். தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில் நடந்தது 2001-இல்தான். முன்மாதிரி பிறந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு! மேசைமேல் பட்டனை அழுத்திப் பார்த்தபோது இந்தத் தடைகளில் எது கண்ணில் பட்டிருக்கும்?

“முன்மாதிரியில் கோளாறு வந்தால் போட்ட காசு வீண்” என்பது அடுத்த வாதம். நான் நேர்மாறாகச் சொல்வேன். யாருக்கு வாக்களித்தோம் என்பதைச் சீட்டில் அச்சிட்டு ஏழு விநாடி காட்டும் விவிபேட் கருவியை, 2011 ஜூலையில் லே, ஜெய்சால்மர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், டெல்லி ஆகிய ஐந்து இடங்களுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். குளிர், பாலைவனப் புழுதி, ஓயாத மழை, கடலோர ஈரம் எல்லாம் அந்த ஐந்தில் அடக்கம். பிறகு வடிவமைப்பைத் திருத்தி, 2012-இல் மறுபடி சோதனை. 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில்தான் முதல் வாக்காளர் அந்தச் சீட்டைப் பார்த்தார். கோளாறு வர வேண்டிய இடம் சோதனைக்களம். வாக்குப்பதிவு நாளன்று வந்தால் போவது காசு மட்டுமில்லை, தேர்தல்மீது மக்கள் வைத்த நம்பிக்கை.

“முன்மாதிரி அசல் பொருள் மாதிரியே இருக்க வேண்டும்” என்பாரும் உண்டு. பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் வெறும் மரக்கட்டையைத்தான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பையில் அடங்குகிறதா, எதற்கெல்லாம் கை அதைத் தேடுகிறது என்று பார்க்க அதுவே போதுமாக இருந்தது.

டெமோ முடிந்த கையோடு வெளியீட்டுத் தேதி குறிக்கும் மேலாளர்களே, ஒப்பந்தத்தில் களச் சோதனைக்கென்று தனியாக நாளும் பணமும் ஒதுக்குங்கள். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.